கீழ் வரிசை, இடது மூலை

இல்ல மிஸஸ் பிராசர், மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல எண்ணெய். இதுல உக்காருங்க. லான்டட்னோவுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி, இந்த மழையில வந்திருக்கீங்க. திட்டறதா இருந்தாலும் ஒரு டீ குடிச்சுட்டுத் திட்டுங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.

சக்கரை? ரெண்டா. இந்தாங்க. கடிச்சுக்க இந்தத் திராட்சை ரொட்டி இருக்கு, நம்ம ஃபோர்மேன் இட்வாலோட சம்சாரம் பண்ணினது. நனைச்சுச் சாப்பிடுங்க, இல்லாட்டி பல்லு போயிடும். அவர் காதுல விழாம சொல்றேன்.

அந்த நோட்டீஸைக் குடுங்க பாக்கலாம். அட, மடிப்புகூடக் கலையாம வெச்சிருக்கீங்களே. சேப்பல் பாட்டுப் புத்தகத்துக்குள்ளயா? ஆமாங்க, இது நான் எழுதினதுதான், நீராவி எஞ்சினுக்குப் புது பாய்லர் போட, செத்தவங்க பேர்ல ஆளுக்கொரு குழாய்க்குப் பணம் குடுங்கன்னு. கீழ பேர் போட்டிருக்கே, மெய்ரியன் டியூடர், நிதி திரட்டும் குழுன்னு. இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் எழுதினது பூரா ஆயுள் இன்சூரன்ஸ் நோட்டீஸ்தான். அதனாலதான் இப்படி வழுவழுன்னு இருக்கு. உங்கள் அன்புக்குரியவர் எங்கள் எஞ்சினின் நெருப்புக்குள் என்றும் ஓடிக்கொண்டிருப்பார். என்றும்னு போட்டிருக்கேன். நீங்க விரல் வெச்சுக் காட்ட வேணாம், தெரியுது.

அப்பவே இட்வால் சொன்னார். யோவ் மெய்ரியன், பாய்லர் குழாய்க்கு ஆயுசு பத்து வருஷம்யா, அதுக்கப்புறம் இன்ஸ்பெக்டர் ஒரு நாள்கூட நெருப்பு மூட்ட விடமாட்டான், எல்லாத்தையும் வெட்டி வெளிய எடுத்தாகணும், நீ என்னய்யா என்றும் கின்றும்னு எழுதறேன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பத்து வருஷம்னு எழுதினா எவன் வாங்குவான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கேட்டேன்.

பத்து வருஷம் முடிஞ்சுபோச்சு, அந்தக் குழாயெல்லாம்தான் அங்க வெளிய குவிஞ்சு கெடக்கு. நீங்க வரும்போதே பாத்திருப்பீங்க. அத்தனையும் ஒரே கரி, ஒரே துரு. உங்க வீட்டுக்காரர் எல்வினோட குழாய் எதுன்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாது மிஸஸ் பிராசர். சத்தியமாத் தெரியாது. பேரை வெட்டிப் பொறிச்சா குழாய் பலம் போயிடும்னு சாக்கட்டியாலதானே எழுதினோம். நீங்களே உங்க கையால எழுதினீங்க. மொதல் நாள் நெருப்பு மூட்டினதுமே அது போயிருக்கும். கால் மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

என்ன? ஆமா, மஞ்ச மழைக்கோட்டுப் போட்ட பொண்ணு. அவதான் உங்களுக்குச் சாக்கட்டி எடுத்துக் குடுத்தது. ஞாபகம் வெச்சிருக்கீங்களே. என் பொண்ணுதான். மாரெட். இல்ல, இன்னிக்கு இங்க இல்ல. டீ ஆறிப்போகுது பாருங்க.

அவ இல்லாட்டி இந்த எஞ்சினே இல்லீங்க. நாங்க வாங்கும்போது இது ஒரு பண்ணைக்காரரோட வயல்ல கெடந்துச்சு. சிலேட்டுக் குவாரியை மூடினதும் சும்மா வாங்கிப் போட்டவர். உள்ள கோழி அடைகாத்துக்கிட்டிருந்துச்சு. கோழி குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போங்கன்னார் மனுஷன். நாங்களும் காத்திருந்தோம். கொண்டுவந்து தட்டிப் பாத்தா, பாய்லர் பிஸ்கட் மாதிரி உதிருது. புதுசு செய்யணும். செய்யறதுக்கு வரைபடம் வேணும். இதைச் செஞ்ச கம்பெனி போய் ரெண்டு தலைமுறை ஆச்சு. பழைய வரைபடம் இல்லாம கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டார் இன்ஸ்பெக்டர்.

மாரெட் அப்ப காலேஜ் முடிச்ச புதுசு. வாராவாரம் கவுண்ட்டி ஆவணக் காப்பகத்துக்குப் போவா. குவாரிக் காகிதமெல்லாம் பெட்டி பெட்டியா, பிரிக்காமலே கெடந்துச்சு. குதிரைக்கு வாங்கின புல்லுக் கணக்கு, சம்பளத் தகராறு, யாரோ மேனேஜர் பொண்டாட்டிக்கு வாங்கின தொப்பி, எல்லாத்தையும் படிப்பா. ராத்திரிச் சாப்பாட்டுல எங்களுக்கு அந்தத் தொப்பிக் கதைதான். நானும் அவ அம்மாவும் அந்த மேனேஜரைப் பத்தி ஏதோ அடுத்த வீட்டுக்காரன் மாதிரி பேசிக்குவோம். ஒரு நாள் நான் ஒரு புதுக் கல்யாண ஜோடிக்கு ஆயுள் இன்சூரன்ஸ் விளக்கிக்கிட்டிருக்கேன், போன் அடிக்குது. அப்பா, கெடைச்சிருச்சு, சேப்பல் சாக்கடை வரைபடத்துக்குள்ள மடிச்சு வெச்சிருக்கான் பாவின்னு கத்தறா. நானும் அவங்க வரவேற்பறையில எழுந்து நின்னு கத்திட்டேன். அந்தப் பையன் மெரண்டு போய் உடனே கையெழுத்துப் போட்டுட்டான். அந்த மாசம் எனக்கு அது ஒண்ணுதான் வியாபாரம்.

அதுக்கப்புறம் பெயின்ட் சண்டை. அதைச் சொன்னேனா? எஞ்சின் பச்சைன்னு இட்வால். அவங்க அப்பா ஓட்டினதாம், பச்சையாம், மடியில உக்காந்து போனாராம். இவ ஒரு ரசீது நகலை எடுத்துட்டு வந்து, ஐயா, பச்சை பெயின்டே குவாரி வாங்கலை, வாங்கினது பூரா செங்காவிதான்னுட்டா. போச்சு. ஒரு மாசம் அவகிட்ட பேசலை அவர். பொண்ணே, டீ கொண்டான்னுகூடக் கேக்கலை. அப்புறம் யாருமில்லாத நேரம் பாத்து அவரே கத்தியால ஒரு மூலையைச் சுரண்டியிருக்கார். செங்காவி. மறுநாள் ஒரு டப்பா செங்காவி வாங்கிட்டு வந்து இவ முன்னாடி டொங்குன்னு வெச்சுட்டுப் போனார். மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் கேக்கலை. எங்க அப்பாவுக்கு எப்பவுமே நெறம் தெரியாதுன்னு மட்டும் சொன்னார்.

சிரிக்கிறீங்க. அவளும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

இல்ல, பேச்சை மாத்தலை. உங்களுக்கு ஏன் ஒரு குழாயும் தரமுடியாதுன்னுதான் சொல்ல வரேன். போன மாசம் கமிட்டியில இதே பேச்சு வந்துச்சு. எல்லா ஊர்லேர்ந்தும் போன். எங்கம்மா குழாய் வேணும், எங்கண்ணன் குழாய் வேணும்னு. ஒருத்தர் சொன்னார், கேக்கறவங்களுக்கு ஏதோ ஒண்ணைத் தொடைச்சுக் குடுத்துடலாமே, சந்தோஷமாப் போவாங்க, யாருக்குத் தெரியப் போகுதுன்னார். நான் மேசையைத் தட்டிட்டேன். அது ஏமாத்து. ஏற்கெனவே என்றும்னு ஒரு தடவை ஏமாத்தியாச்சு, இன்னொரு தடவை வேணாம், மொத்தமாக் காயலாங்கடைக்குப் போகட்டும், யாருக்கும் ஒண்ணும் கெடையாதுன்னேன். எல்லாரும் சரின்னு கை தூக்கினாங்க. நான் நியாயத்துக்குப் பேசினேனா, இல்ல உங்களை மாதிரி ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாக்கப் பயந்து பேசினேனா, இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியலை.

அழாதீங்க மிஸஸ் பிராசர். இந்தாங்க, துண்டு சுத்தமானதுதான். எனக்குப் புரியுது. எல்வினுக்கு வேற கல்லறை இல்லைன்னு தெரியும். கடல்ல போனவருக்கு எங்க கல்லு நடறது? இதை நம்பித்தான் இருந்தீங்க. எஞ்சின் ஓடற ஒவ்வொரு கோடையும் வந்து, டிக்கெட் வாங்கி, மொத பெட்டியில உக்காந்து போவீங்க. நான் பாத்திருக்கேன். கிட்ட வந்து பேசினதில்ல. ஏன்னா நானும் அதே பெட்டியில, உங்களுக்குப் பின் சீட்டுலதான் இருப்பேன்.

சரி. ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு, பேர் எழுதின அன்னிக்கு, நீங்க எல்லாம் எழுதிட்டுப் போனப்புறம் ஒரே ஒரு குழாய் மிச்சம். கீழ் வரிசை, இடது மூலை. அதை யாரும் வாங்கலை. மாரெட் தன் சம்பளத்துலேர்ந்து எண்ணி உண்டியல்ல போட்டுட்டு, சாக்கட்டியை எடுத்து, மாரெட்னு எழுதினா. நாங்க எல்லாம் ஓன்னு சிரிச்சோம். ஏம்மா, இது செத்தவங்களுக்கு, உனக்கென்ன அவசரம்னேன். முன்பதிவுப்பான்னா. கூட்டம் அதிகம், அப்புறம் எடம் கெடைக்காதுன்னா. நான்தான் எல்லாரையும் விட சத்தமாச் சிரிச்சேன். இட்வால் மட்டும் சிரிக்கலை. உயிரோட இருக்கற புள்ளை பேரை எழுதக்கூடாதுன்னு மொனகிக்கிட்டேதான் அந்தக் குழாயைச் செருகினார். அந்தக் கடுப்போ என்னமோ, அது ஒண்ணு மட்டும் சரியா இறுகலை. காலையில நெருப்பு மூட்டினா அந்த முனையிலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி ஒழுகும். இரும்பு சூடாகி விரிஞ்சதும் தானா நின்னுடும். மாரெட் அழுது முடிச்சாச்சு, இனி வண்டி கெளம்பலாம்பார் இட்வால். அவளே கேட்டுச் சிரிப்பா. அந்த ஒரு கோடை பூரா அதுதான் எங்க ஷெட்டுல காலை வணக்கம்.

ஆமாங்க, ஒரு கோடைதான். அடுத்த குளிர்காலத்துல போயிட்டா. ரத்தத்துல புத்துநோய் வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க அப்ப மகன் வீட்டுக்குக் குடிபோயிட்டீங்க.

ஒழுகற குழாயை அடைச்சுடுங்கன்னு வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் சொல்வார். சூடானா நின்னுடும் சார்னு வருஷா வருஷம் இட்வால் சொல்வார். அவ போனப்புறம் அந்த ஜோக்கை மட்டும் விட்டுட்டார். காலையில சொட்டு விழறப்ப எதிர்ல நிக்கமாட்டார், வெளிய போய் நிலக்கரி அள்ளுவார்.

போன வாரம் எல்லாத்தையும் வெட்டி எடுத்தாங்க. நான் வரலை. மறுநாள் வந்தப்ப இட்வால் என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனார். நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னாடி, சாக்குல சுத்தி ஒரு குழாய். ஒரே ஒரு குழாய்.

ஆமா. எந்தக் குழாய் யாருதுன்னு தெரியாதுன்னு சொன்னேனே, அது ஒண்ணு மட்டும் தெரியும். மத்தவங்களுக்கெல்லாம் கெடையாதுன்னு மேசையைத் தட்டினவன் நான்தான். தெனம் மத்தியானம் போய் அந்தச் சாக்கைப் பாத்துட்டு வரேன். கார்ல ஏத்தவும் மனசு வரலை, குவியல்ல போடவும் மனசு வரலை.

இன்னும் கேளுங்க. இன்னிக்கு நீங்க கதவைத் திறந்து எல்வின் குழாய் எங்கன்னு கேட்டதும் எனக்கு வந்த மொத யோசனை என்ன தெரியுமா? அந்தச் சாக்கைக் குடுத்து, இதோ உங்க எல்வின்னு சொல்லிடலாம்னு தோணிச்சு. நீங்களும் நிம்மதியாப் போவீங்க, என் கையிலேர்ந்தும் போயிடும். இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் வித்த வாய், அதுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல. நீங்க ஏன் மஞ்ச மழைக்கோட்டைப் பத்திக் கேட்டீங்க? அதைக் கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.

ஹார்ன் கேக்குதா? காயலாங்கடை லாரி. மத்தியானம்னு சொன்னான், சரியா வந்துட்டான்.

வேணாங்க. அவளை வெச்சுக்கன்னு நீங்க சொல்றது பெரிய மனசுதான், ஆனா வேணாம். அப்புறம் உங்களை வெறுங்கையோட பஸ் ஏத்தி அனுப்பிட்டு நான் எந்த மொகத்தோட வீட்டுக்குப் போறது? அந்தக் குவியல்லதான் எங்கயோ எல்வின் இருக்கார். இவளும் அங்கயே போகட்டும். உருக்கறவன் யாரையும் தனித்தனியாப் பிரிக்கப் போறதில்ல. பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்துல இருந்தவங்கதானே.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில மாரெட் சொன்னா. அப்பா, குழாய்ல பேர் எழுதினேனே, அன்னிக்கே எனக்குத் தெரியும்பா, மூணு வாரம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார்னா. நீ அவ்வளவு சத்தமாச் சிரிச்சியா, அதைக் கெடுக்க மனசு வரலைன்னா.

வாங்க, எழுந்திருங்க. கொட்டகை பக்கத்துலதான், நனைய மாட்டீங்க. கனம் ஒண்ணும் இல்ல, நீளம்தான், ஒத்தை ஆளாத் தூக்கினா வளைஞ்சுடும். நீங்க அந்த முனையைப் புடிச்சுக்குங்க. கரி ஒட்டும், துண்டை வெச்சுப் புடிங்க. அதுதான் ஒழுகற முனை. இப்ப காஞ்சுதான் கெடக்கு.