தோள்மேல் ஒரு கை

ஹலோ... ஹலோ! கேக்குதாடி?... ஆங், நடுவுல கட் ஆயிடுச்சு. இந்த வீட்ல ஜன்னல் பக்கம் வந்து நின்னாத்தான் பேச முடியுது. எங்க விட்டேன்?... ஆமா, போட்டோவுல என் கழுத்து. மடிப்பு விழுந்திருக்குன்னு சொன்னேன்ல, அதைச் சரி பண்ணிட்டே. பார்த்தேன். உங்க மாமா பார்த்துட்டு, "யாரு இந்தப் பொண்ணு, நம்ம வீட்டுப் போட்டோவுல?"ன்னு கேக்கறாரு...

ஏன் பெருமூச்சு விடறே? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.

...

மூணு தடவைக்கு மேல திருத்தம் கிடையாதா? யாருக்கு?... அது உன்கிட்ட வேலை கொடுக்கற கம்பெனிக்காரனுக்குச் சொல்லு. அக்காவுக்குமா சட்டம் பேசுவே?... சரி, சரி. இதுதான் கடைசி. சத்தியமா.

...

ஆமா, போன தடவையும் கடைசின்னுதான் சொன்னேன். அப்ப எனக்குத் தெரியலை.

இதோ பாருடி. முதல்ல போட்டோவுலேருந்து உன் புருஷனை எடுக்கச் சொன்னேன், எடுத்தே. அவன் நின்ன இடத்துல ஒரு செடியை வெச்சே. பொய் சொல்லக் கூடாது, அவனை விட அந்தச் செடி லட்சணமா இருக்கு. அப்புறம் உன்னைக் கொஞ்சம் பின்னால தள்ளச் சொன்னேன், தள்ளினே. உன் மஞ்சள் டிரஸ் கண்ணைக் குத்துதுன்னேன், மங்கலாக்கினே. இவ்வளவும் செஞ்சவளுக்கு இது ஒண்ணும் பெரிசில்லை...

உன்னை எடுத்துடு.

...

ஹலோ? இருக்கியா?... ஆமா, உன்னைத்தான். முழுசா.

...

காரணமெல்லாம் உனக்குத் தெரியாதா? நாளைக்கு அவங்க வர்றாங்க, என் பொண்ணைக் கேட்டு. ஹாலுக்குள்ள கால் வெச்ச உடனே கண்ணு இந்தப் போட்டோ மாட்டற சுவருக்குத்தான் போகும். "இவங்க யாரு?"ன்னு கேப்பாங்க. தங்கச்சின்னுவேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? கட்டினவனை விட்டுட்டு வந்து, ஒத்தை ரூம்ல கம்ப்யூட்டரோட குடித்தனம் நடத்தறா, ஊரான் வீட்டுப் போட்டோ மூஞ்சிக்கெல்லாம் பவுடர் போடறான்னா?

...

அழறியா?... சரி, அழலை. மூக்கை உறிஞ்சாதே, காதுல கேக்குது.

...

சொல்லிட்டேன்டி. முன்னாடியே சொல்லிட்டேன். அப்பாவுக்கு நான் ஒரே பொண்ணுன்னு. வாய் தவறி வந்துடுச்சு... ஆமா, வாய் தவறித்தான். அப்புறம் அதை மாத்திப் பேசினா, இந்த வீட்ல இன்னும் என்னென்ன பொய்யோன்னு நினைக்க மாட்டாங்களா?

...

வேற ஆள்கிட்ட கொடுக்க எனக்குத் தெரியாதா? அவன் வெட்டினா வெட்டின தடம் தெரியும். நீ வெட்டினா அங்க ஒருத்தி நின்னான்னே தெரியாது. அவ்வளவு சுத்தம் உன் வேலை... குத்திக் காட்டலைடி, பாராட்டறேன். அக்கா என்னைக்காவது பாராட்டினா உனக்குப் பிடிக்குதா?

...

வராதேன்னு எப்ப சொன்னேன்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் வான்னுதானே சொல்றேன். சமையல்கட்டு வழியா வந்து, அப்பாவைப் பார்த்துட்டுப் போ, யாரு தடுக்கறா?... அப்பாவா? அவரு உன்னைப் பத்தி வாயே திறக்கறதில்லை... மெதுவா எதுக்குப் பேசணும்? அவரு டிவிக்குள்ள போய் உக்கார்ந்திருக்காரு. இடி விழுந்தாலும் கேக்காது.

பிரிண்ட் போடறவன் சாயங்காலம் கடையை அடைச்சிடுவான். நீ முரண்டு பிடிச்சே...

என்னது? செய்யறியா? இப்பவேவா?... ம். சமத்து. நான் லைன்லயே இருக்கேன்.

...

தட்டறது கேக்குது... இன்னும் எவ்வளவு நேரம்டி? உன்னை எடுக்க உனக்கே இவ்வளவு நேரமா?

வந்துடுச்சு, வந்துடுச்சு. இரு, பார்க்கறேன்... ஐயோ, சொன்னா நம்ப மாட்டே! சுத்தமா இல்லை. செடியை இன்னும் அடர்த்தி ஆக்கிட்டியா? பின்னால சுவர் கூட அப்படியே... ஏய். இது என்ன? அப்பா தோள்ல?

கைடி! ஒரு கை மட்டும் நிக்குது! உடம்பு இல்லாம, பேய்ப் படம் மாதிரி... தெரிஞ்சேதான் விட்டியா? எதுக்கு?

...

பிடிச்சிருக்காரா? யாரு? இரு, பெரிசாக்கிப் பார்க்கறேன்...

ம்.

...

ஆமா. பிடிச்சிருக்காரு. அப்பாதான், உன் விரலுக்குள்ள விரல் விட்டு... இத்தனை தடவை பார்த்தேன், என் கழுத்தைத்தான் பார்த்திருக்கேன்... உன் கையை எடுத்தா அவரு என்ன, தன் தோளைத் தானே பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குமா?

...

நீ அன்னைக்கு அப்பா பிறந்தநாளுக்கு வந்து எவ்வளவு நேரம் இருந்தே? கேக்கை வெட்டினே, போட்டோவுக்கு நின்னே, போயிட்டே. இங்க தினமும் குளிப்பாட்டறது யாரு? சோத்தைப் பிசைஞ்சு ஊட்டறது யாரு? ராத்திரி படுக்கையை நனைச்சா மாத்தறது யாரு? உழைக்கறவ ஒருத்தி, பிடிக்க உன் கை... சரி, விடு. அதெல்லாம் எதுக்கு இப்ப?

கேளு. என் கையை வெச்சுடு.

...

ஆமா. என்னை நகர்த்தி உன் இடத்துல நிறுத்து. தோள்ல என் கை, அப்பா என் கையைப் பிடிச்சிருக்காரு. ஒரே பொண்ணு, ஒரே கை. கச்சிதமா இருக்கும்.

...

இதுக்கு மட்டும் உடனே சரிங்கறியே, என்ன அதிசயம்?... என்ன அனுப்பணும்? ம்... ம்... அதே மாதிரி தோள்ல கை வெச்சு, அவரு பிடிச்சிருக்கணும். ஜன்னல் வெளிச்சம் அவரு இடது பக்கமா விழணும். சரி. இவ்வளவுதானே? எட்டடி தள்ளித்தான் உக்கார்ந்திருக்காரு. என் பொண்ணு அவ போன்ல எடுப்பா. உன்னை ஸ்பீக்கர்ல போடறேன், எப்படி நிக்கணும்னு நீயே சொல்லு.

ஏய், இங்க வா, தாத்தாவை ஒரு போட்டோ எடு... சித்திதான் லைன்ல. பேசறதெல்லாம் அப்புறம்.

அப்பா. அந்த டிவியைக் குறைங்க... நிமிர்ந்து உக்காருங்க. நான் தோள்ல கை வைக்கறேன். நீங்க என் கையைப் பிடிக்கணும், அவ்வளவுதான்... பிடிங்க.

பிடிங்கப்பா.

...

கை வலிக்குதாம்டி! ரிமோட்டைப் பிடுங்கிப் பாரு, ரெண்டு ஆள் வேணும். இப்ப வலியாம்... இல்லைடி, சும்மா மடியில வெச்சிருக்காரு. நானே தூக்கி வெச்சுப் பார்க்கறேன்... நழுவுது. வெச்சா நழுவுது... எடுக்காதே, இன்னும் எடுக்காதேன்னேன்ல!

எப்படி வெச்சா நிக்கும்னு நீயாவது சொல்லுடி...

என்னப்பா?... என்ன கேக்கறீங்க?... சின்னவ வரலை. நான்தான். நான்தான்பா நிக்கறேன், பெரியவ... எதுக்குத் தட்டி விடறீங்க? நாளைக்கு வர்றவங்க முன்னாடியும் இப்படித்தான் தட்டி விடுவீங்களா?

...

ஏய், தாத்தாவை எடுத்தது போதும், போனைக் கீழ வைடி. போட்டோ வேணாம். அந்தப் பக்கம் போ, போன்னா போ...

அப்பா. போட்டோவுக்கு இல்லை. சும்மா... ஒரு தடவை பிடிங்கப்பா.