ஜெயபால் கையிலிருந்த டம்ளர்

மேடையிலுள்ள தலைவர் வரதன் அவர்களே, டாக்டர் குணசேகரன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெயபாலின் மனைவி சகாயமேரி அம்மா அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் பருத்திப்பட்டுக் காலனி மக்களே, வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆகவே மூன்றாகப் பிரித்து எழுதி வந்திருக்கிறேன்.

1. நம் நலச்சங்கச் செயலாளர் ஜெயபால் ஆற்றிய பணி.
2. அவர் உயிரைப் பறித்தது காபி.
3. நாம் ஏற்க வேண்டிய உறுதி.

முதலாவது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. எண்பத்து நான்கில் சங்கம் தொடங்கியதிலிருந்து அந்த வீடுகளுக்கெல்லாம் காபி கொண்டுபோனவர் யார்? ஜெயபால். கோயிலுக்குப் போகிறவரா, சர்ச்சுக்குப் போகிறவரா என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. தந்தையை இழந்த கன்னியப்பன் டம்ளரைத் தள்ளியபோது, "அழுவறதுக்கும் தெம்பு வேணும் அண்ணாத்தே. குடி. உங்கப்பா திட்டுனா என்னத் திட்டட்டும்" என்றார். கன்னியப்பன் குடித்தார்.

இரண்டாவது. போன மாதம் ஜெயபால் தம் வீட்டு வாசலில், டம்ளரும் கையுமாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சிமெண்டுத் தரையில் காபி ஓடியிருந்தது. கழுவிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கறை இன்னும் தெரிகிறது. எந்த டம்ளரை எடுத்தாலும் அவருடைய விரல்கள் அதைப் பிடித்திருக்கின்றன.

அன்று சாவு வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் பாஸ்கரன், "காபிதான்பா ஆள தூக்கிகினு போச்சு. அந்தம்மா கேக்க கேக்க ஊத்திக் குடுத்துச்சு" என்றார். அது சகாயமேரி அம்மாவின் காதில் விழுந்தது. அன்று அந்த வீட்டுக்கு நம்மில் ஒருவரும் காபி கொண்டுபோகவில்லை. பயந்தோம். நேற்று அம்மா என்னிடம், "ஐயா, என் கையாலதான் அவரு போனாரா?" என்று கேட்டார். அறியாமல் செய்தது குற்றமாகாது என்று ஆறுதல் எழுதி வந்திருக்கிறேன்.

காபியிலுள்ள கஃபீன் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும் என்று படித்திருக்கிறேன். எப்போதும் கையில் டம்ளரோடு இருந்தவர்...

அங்கே எழுந்து நிற்கும் வேம்புலி, என்ன சொல்கிறீர்கள்?

"அவரு எங்க சார் குடிச்சாரு? நமக்குத்தான் ஊத்திகினே இருந்தாரு. அவரு ஒரு வாய் வச்சி நீங்க பாத்துகீறீங்களா?"

இல்லை. பார்த்ததில்லை. டாக்டர் ஐயாவும் தலையை அசைக்கிறார். சொல்லுங்கள், ஐயா.

"சின்ன வயசுக் காய்ச்சல்ல அவருக்கு இதய வால்வு கெட்டுப்போச்சு. காரணம் அதுதான். காபி அளவு மீறினா கெடுதல்தான். காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு குடிக்கலாம்னு நான்தான் சொன்னேன். மூணாவது கேட்டா வீட்ல முறைக்கறாங்கன்னு எங்கிட்டயே புகார் பண்ணுவாரு."

காபியை விட்டொழிப்போம் என்ற உறுதிமொழி என் தாளில் இருக்கிறது. அதை நான் வாசிக்கப்போவதில்லை. இனி இந்தக் காலனியில் எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும் ஜெயபால் செய்ததை நாம் செய்வோம். முதலில் போக வேண்டிய வீடு அவருடையது. ஒரு மாதம் தாமதமாகப் போகிறோம்.

சகாயமேரி அம்மா, நேற்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்கள் கையால் அல்ல. நான் எழுதி வந்ததில் இரண்டாவது குறிப்பு தவறு.