மஞ்சள் விளக்கு

சவுரியம்மாள் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி நான் வாங்கிக் கொடுத்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். என்னைப் பற்றி நல்லதாக எழுத உங்களுக்கு வேறு அதிகம் கிடைக்காது.

நான் நெல்வின். வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவன். 2003இல் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்து கொடுத்தேன். கழிவுத் தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளுகிறவர்களுக்காக. ஊரே நாறுகிற இடத்தில் மூக்கை நம்ப முடியாதல்லவா? பச்சை எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்து சங்கு ஊதினால் கூடாது. மஞ்சள் என்றால், ‘எனக்கே தெரியவில்லை, பொறு’ என்று அர்த்தம்.

கருவிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதன் இயங்குதளத்தின் அடிமடியில் இருப்பது கெர்னல். வாயுவை அளந்து விளக்கைப் போடுவது அதுதான். எல்லோரும் அதை சி மொழியில் எழுதுவார்கள். சி, பச்சைத்தோல் மாதிரி, கையெல்லாம் அழுக்காகும். பயன்படுத்திய நினைவகத்தை நாமே குனிந்து கழுவி வைக்க வேண்டும். எனக்குக் குனிவது பிடிக்காது. பதப்படுத்திய தோல்போல மழமழவென்றிருக்கும் ஓர் உயர்மட்ட மொழியைக் கெர்னலுக்குள்ளேயே குடிவைத்தேன். அது தன் குப்பையைத் தானே அள்ளிக்கொள்ளும். மாநாட்டில் கட்டுரை வாசித்தேன். ஒன்றும் புரியாத என் அம்மாதான் முதலில் கைதட்டினார்.

ஒரே ஒரு சங்கடம். குப்பை அள்ளும்போது கெர்னல் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடும், சந்துக்குள் முனிசிபாலிட்டி லாரி நுழைந்த மாதிரி. அந்த நேரம் வாயுவை அளக்காது. அதற்காகவே தனியாக ஒரு ஒயர் வைத்திருந்தேன். கெர்னல் பதில் சொல்லாவிட்டால் அது மஞ்சளைப் போடும். கருவி ஓட ஓடக் குப்பை சேர்ந்தது, மஞ்சளும் நீண்டது.

“இன்னா தம்பி, உன் மெஷினு எப்பப் பாத்தாலும் தெரியாது தெரியாதுங்குது? ஆளுங்க சும்மா நிக்கறாங்க. வேலை பேஜாராவுது,” என்றார் முதலாளி அப்துல் ஹமீத் பாய்.

தொட்டியில் இறங்கும் ஆரோக்கியசாமி சிரித்தார். “வுடுங்க பாய். எங்க வூட்ல எல்லாம் தெரியும்னே சொல்லும். இதுவாவது உண்மைய சொல்லுதே.”

அவர் மனைவி சவுரியம்மாள்தான் மேலே கயிறு பிடிப்பவர். “பச்சை வரட்டும்யா, அப்பறமா உன் வாய்க்கு வர்றேன்.”

மொழியை மாற்றியிருக்கலாம். கட்டுரை என்னாவது? மஞ்சள் ஒயரைக் கழற்றினேன். அதன் பிறகு கெர்னல் குப்பை அள்ளும்போதெல்லாம், கடைசியாக எரிந்த நிறமே எரிந்துகொண்டிருக்கும். பாய் சந்தோஷப்பட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் பச்சை எரிந்தது. “பச்சைதான், எறங்கு,” என்றார் சவுரியம்மாள். கீழே ஆரோக்கியசாமி சேறு அள்ளினார். மேலே என் கெர்னல் தன் குப்பையை அள்ளியது. இருவரில் கெர்னல்தான் வேலையை முடித்தது. முடித்த கையோடு சிவப்பு எரிந்தது, சங்கு ஊதியது; அதில் ஒரு பிழையும் இல்லை. கயிற்றை இழுத்தார்கள். அவர் பாரமாக வந்தார்.

போலீஸ் வருவதற்குள் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

“பச்சைதானே சார் எரிஞ்சுது? நான்தானே எறங்கச் சொன்னேன்?” என்று சவுரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மஞ்சளா இருந்திருக்கும்மா. உங்களுக்குப் பச்சையாத் தெரிஞ்சிருக்கும்,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், சார். நான் அதட்டிப் பேசுகிறவன் இல்லை.

“அப்போ என் கண்ணுதான் அவரக் கொன்னுச்சா?”

கண் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். பார்வையிலும் சரி, நிறத்திலும் சரி, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சவுரியம்மாள் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அதைச் சொல்லவில்லை. பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இன்னும் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். பாவம், அந்த அம்மாவுக்கு யாராவது ஏதாவது செய்ய வேண்டுமே, சார்.