அட்டை இல்லாத புருஷன்

"கட்டின புருஷனையே யாருன்னு கேட்டியேடி!" பாகூர் பேருந்தில் என் முன்சீட்டுக்காரர், மடியில் காலித் தூக்குவாளியோடு பொருமினார்.

"இன்னா பண்றது? அடையாள அட்டை இல்லாதவங்கள வுடக்கூடாது. இணையத் திருட்டத் தடுக்கற வகுப்புய்யா அது. கதவுல நின்னு ஒத்தாச பண்றதாலதான் எனக்குப் பாடம் இலவசம். உன்னால அது போவணுமா?" என்றார் மனைவி.

"உனக்குன்னு நான் வெச்சு எடுத்தாந்த மீன்கொழம்பு வீணாவல. என்னாட்டமே நீ தொரத்துன ஒரு கண்ணாடிக்காரரோட சேந்து வாசல்லயே சாப்ட்டேன்."

"அய்யய்யோ! அவருதான்யா புது வாத்தியாரு! அட்டய எடுத்தாந்து காட்டனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. நாளைக்கு என்னைய சேத்துப்பாரோ, இல்லியோ!"

"அத்த என்னாண்ட அப்பவே சொல்லிட்டாருடி. கதவுக்கு நீதான் வேணுமாம். கொழம்புக்கு நான் வேணுமாம்."