வெண்ணெய் நிற இருக்கை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. கை கழுவாமல் நான் எந்தக் காரையும் தொடுவதில்லை.

அத்தானிடம், அதாவது என் அக்கா புருஷனிடம், இரண்டு பழைய கார்கள் இருந்தன. ஒன்று இத்தாலி, ஒன்று இங்கிலாந்து. வசதியானவர்கள் நாடு விட்டு நாடு சொகுசாகப் போவதற்கென்றே அந்தக் காலத்தில் செய்தவை. பதினோரு வருஷமாக இரண்டுக்கும் மெக்கானிக் நான்தான். இங்கிலாந்து வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு சிலிண்டர், மரப்பலகை முகப்பு, சோபா மாதிரி இருக்கை. சாப்பிட்டுவிட்டு உலாவுகிற மாமனார் போல நிதானமாகப் போகும். இத்தாலி வண்டிக்குப் பன்னிரண்டு சிலிண்டர். மிதித்தால் என்ஜின் பாடும். உள்ளே வெண்ணெய் நிறத்தில் தோல் இருக்கை; அதைத் தைத்தவன் நான்.

அத்தான் கையில் அது குரங்கு கையில் பூமாலைதான். அந்த இருக்கையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். மூக்கைச் சிந்தி அதன் அடியிலேயே துடைப்பார். கோழிக்கால் கடித்த விரலோடு கியரைப் பிடிப்பார். துடைத்துத் துடைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அவரைப் பார்த்தாலே குமட்டியது.

போன மாதம் வந்து சொன்னார்: "ஒரு வண்டி போதும் மாப்ள. ரெண்டையும் மலைக்கு ஓட்டிப் பார்ப்போம். தோத்ததை வித்துடலாம். எனக்கென்னவோ இங்கிலாந்துதான் உக்கார வசதியா இருக்கு."

இத்தாலி வண்டியை விலை பேசியிருந்தவன் கார்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவன். அது எனக்குத் தெரியும். ஆகவே இங்கிலாந்து வண்டி தோற்க வேண்டியிருந்தது.

அன்று காலை அதன் பிரேக்கில், பிரேக்குக்கு ஆகாத எண்ணெயை ஊற்றினேன். ஏறும்போது ஒன்றும் தெரியாது. உள்ளே ரப்பர் ஊறி உப்புவதற்குக் கொஞ்சம் நேரமாகும். இறக்கத்தில்தான் காலை வாரும். அத்தான் அதை ஓட்டினார். பின்னால் இத்தாலி வண்டியில் நானும் அக்காவும் போனோம்.

உச்சியில் அக்கா வெளிறிப்போய் இறங்கினாள். "வயித்தைப் பிரட்டுதுடா. இறங்கும்போதும் உன்கூடவே வர்றேன். அவர் ஓட்டினா எனக்குப் பயமா இருக்கு."

நான் இருக்கையைப் பார்த்தேன். தோலில் வாந்தி பட்டால் தையலுக்குள் இறங்கிவிடும், ஐயா. எத்தனை தடவை கழுவினாலும் அந்த நாற்றம் போகாது.

"அத்தான் ஓட்டுற வண்டியில சீட் அகலம்க்கா, சாஞ்சுக்கலாம்," என்றேன்.

ஏழாவது வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருமே அசையவில்லை.

அக்கா அந்த வண்டியில் இருந்தது தற்செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள், கதவைத் திறந்து உட்கார வைத்தது நான். ஆனால் அத்தானைப் போல நான் மனசில்லாதவன் அல்ல. வாந்தி வந்தால் பிடித்துக்கொள்ள, அவள் கையில் ஒரு பையும் கொடுத்துத்தான் அனுப்பினேன்.