நூனோ ஏன் கோல் போடலை

சில்வெஸ்டர்: ...ஆளே இல்லாத கோல், சோனியா. கீப்பர் கீழ விழுந்து கெடக்கறான். எங்கம்மாவை கூட்டிட்டு வந்து நிறுத்தியிருந்தா அவங்களே போட்டிருப்பாங்க.

சோனியா: ஸ்வல்ப மெதுவா பேசுங்க. நூனோ குளிச்சிட்டு தான் இருக்கான், காதுல விழும்.

சில்வெஸ்டர்: விழட்டும். வேகமா பேசினா தமிழ் அவனுக்கு பாதி தான் புரியும். அந்தப் பாதியாவது விழட்டும்.

சோனியா: வெளிய அடிச்சிட்டானா?

சில்வெஸ்டர்: வெளிய அடிச்சிருந்தா கூட பரவால்ல. பந்துக்கு ஓடி வந்தான்... அப்படியே உக்காந்துட்டான். பஸ்ஸுக்கு காத்திருக்கறவன் மாதிரி.

சோனியா: அடிகிடி பட்டுச்சோ என்னவோ.

சில்வெஸ்டர்: யாரும் தொடவே இல்ல. கோச் என்னைத் தான் திரும்பிப் பாக்கறாரு. "மேனேஜர் சார், உக்கார்றதுக்கா போர்ச்சுகல்ல இருந்து ஆளை கூட்டிட்டு வந்தீங்க"ன்னு. எல்லார் முன்னாடியும்.

சோனியா: எல்லாரும்னா யாரு... ஊரே கிரிக்கெட் வேர்ல்ட் கப் பாத்துட்டு இருக்கு. உங்க மேட்சுக்கு வந்ததே கடலைக்காரன் தான்.

சில்வெஸ்டர்: கிண்டல் பண்ணு. ஞாயித்துக்கிழமை கோவா கிளப்காரங்க வர்றாங்க, இவனைப் பாக்கறதுக்குன்னே. அவங்க எடுத்துக்கலைன்னா நம்ம கிளப்பும் வச்சுக்காது. ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிடுவாங்க. பத்தொம்போது வயசுல முடிஞ்சுது அவன் ஆட்டம்.

சோனியா: பாவங்க. அங்கயும் முட்டியில அடிபட்டதும் வேணாம்னு அனுப்பிட்டாங்க தானே...

சில்வெஸ்டர்: அதுக்கு முன்னாடி அந்த போர்ட்டோ பக்கத்து கிளப்ல, பசங்க டீம்ல, கோல் கோலா போட்டுத் தள்ளினவன். இங்க மட்டும் என்ன? கிறிஸ்துமஸ் டோர்னமெண்ட்ல ஜோகுபாளையம் பசங்க இவனைத் தோள்ல தூக்கிட்டு சுத்தினாங்களே. இப்ப என்ன கேடு வந்துச்சு? ஏதாவது லவ்வா?

சோனியா: யாரோட? கிரவுண்டு, வீடு, கோவில். கூட்டிட்டுப் போறதும் நீங்க, கூட்டிட்டு வர்றதும் நீங்க.

சில்வெஸ்டர்: வீட்டு ஞாபகமா?

சோனியா: அவங்கம்மா ஃபோன் பண்ணா சிரிச்சிட்டு தான் பேசறான்.

சில்வெஸ்டர்: அப்போ... அந்த டாக்டர் சொன்னது தான்.

சோனியா: எந்த டாக்டர்? என்ன சொன்னாரு?

சில்வெஸ்டர்: விடு.

சோனியா: ஆரம்பிச்சிட்டு விடுன்னா எப்படி?

சில்வெஸ்டர்: கிரவுண்டு டாக்டர். இவன் கண்ணை இழுத்துப் பாத்துட்டு... வீட்ல சாப்பாடு போடறாங்களான்னு கேட்டாரு.

சோனியா: என்னது?

சில்வெஸ்டர்: உடம்புல சத்தே இல்லியாம். கோவப்படாத.

சோனியா: கோவப்படாம? மூணு வேளையும் சூடா பண்ணிப் போடறேன். நேத்து கூட கீரை, பீன்ஸ் பல்யா, ரசம், அப்பளம்...

சில்வெஸ்டர்: அதான்மா. தவக்காலம் ஆரம்பிச்ச விபூதி புதன்ல இருந்து ரசமும் கீரையும் தான். ஒரு முட்டை கூட கெடையாது. இந்த வெயில்ல ஓடற புள்ள.

சோனியா: தவக்காலத்துல என்னை பன்னிக்கறி ஆக்கச் சொல்றீங்களா? அந்தப் பையன் முன்னாடி?

சில்வெஸ்டர்: நான் அப்படிச் சொல்லல...

சோனியா: சுத்த போசனம்னா வீட்ல எல்லாருக்கும் தான். நீங்களும் அதைத் தான சாப்பிடறீங்க, நானும் அதைத் தான சாப்பிடறேன். நீங்க இளைச்சா போயிட்டீங்க? போன வாரம் தான் உங்க பேண்ட்டு இடுப்புல தையலைப் பிரிச்சு விட்டேன்.

சில்வெஸ்டர்: நீ கூட தான் இளைக்கல.

சோனியா: என்னை ஏன் இழுக்கறீங்க?

சில்வெஸ்டர்: மத்தியானம் ஆனா அல்சூருக்கு, உங்கக்கா வீட்டுக்கு ஓடறியே... அங்க என்ன வேலை?

சோனியா: அக்காவுக்கு பிரஷர்.

சில்வெஸ்டர்: அவங்களுக்கு பிரஷர்னா உன் கையில எதுக்கு கோழிக்குழம்பு வாசனை?

சோனியா: உங்க சட்டைப் பாக்கெட்ல கபாப் கடை பேப்பர் எதுக்குன்னு நான் கேட்டேனா?

சில்வெஸ்டர்: ...எப்பப் பாத்த?

சோனியா: துணி துவைக்கறது யாரு, மேயரா?

சில்வெஸ்டர்: சரி... சரி விடு. ரெண்டு பேரும் ஒரே லட்சணம் தான்.

சோனியா: கல்யாணம் ஆனதுல இருந்து நாம என்னிக்கு தவக்காலம் முழுக்க இருந்திருக்கோம்? பெரிய வெள்ளி மட்டும் தான். அன்னிக்கும் சாயங்காலம் ஆனா ஆம்லெட் இருக்கான்னு எட்டிப் பாப்பீங்க.

சில்வெஸ்டர்: அப்புறம் இந்த வருஷம் மட்டும் எதுக்கு ஆரம்பிச்ச?

சோனியா: நான் என்ன பண்றது? நம்ம வீட்ல தங்க வந்த அன்னிக்கே, தட்டை வச்சதும் கண்ணை மூடி சிலுவை போட்டான். நாம டிவி பாத்துட்டே பாதி சாப்பிட்டு முடிச்சிருந்தோம். எனக்கு மானமே போச்சு. அவங்க ஆளுங்க தான் கப்பல் ஏறி வேதத்தைக் கொண்டாந்தவங்க... அவன் முன்னாடி தவக்காலத்துல கறி தின்னா நம்மள என்ன நெனப்பான்?

சில்வெஸ்டர்: கோவாக்காரன் என்ன நெனப்பான்னு யோசி இப்போ. இன்னிக்கே ரெண்டு முட்டை போடு.

சோனியா: தொட மாட்டான். அவ்ளோ பக்தி. சிலுவைப்பாதையில முட்டி போட்டா எழுந்திரிக்கவே மாட்டேங்கறான். ஜனமெல்லாம் உக்காந்தாச்சு, அவன் அசையல. அவன் எழுந்திரிக்கட்டும்னு நானும் அப்படியே கெடந்தேன். எனக்கு கால் மரத்துப் போச்சு.

சில்வெஸ்டர்: ஃபாதர் சொன்னாருன்னு சொல்லிடுவோம். விளையாடறவங்களுக்கு விலக்கு இருக்குன்னு.

சோனியா: ஃபாதர் பேர்லயே பொய்யா?

சில்வெஸ்டர்: கபாப் தின்னதுக்கு இது சின்னது தான். ...வாப்பா நூனோ, உக்காரு.

நூனோ: ஸாரி அங்கிள். இன்னிக்கு கோல்...

சில்வெஸ்டர்: அதை விடு. ஆன்ட்டி உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.

சோனியா: நானா? நீங்களே சொல்லுங்க.

சில்வெஸ்டர்: ஒண்ணுமில்லப்பா... ஃபாதர் சொன்னாரு. ஃபுட்பால் ஆடறவங்க கறி, முட்டை எல்லாம் சாப்பிடலாமாம். பாவம் இல்லியாம்.

நூனோ: அங்கிளுக்கு? ஆன்ட்டிக்கு?

சோனியா: நாங்க இருந்துக்கறோம்ப்பா. நீ சாப்பிடு.

நூனோ: நோ ஆன்ட்டி. நீங்க ரசம், நான் கறி... நல்லா இல்ல. நானும் ரசம்.

சில்வெஸ்டர்: ஐயோ கடவுளே... டேய், நாங்க எங்கடா ரசம் சாப்பிடறோம்? நான் தெனமும் கபாப் தின்னுட்டு தான் வீட்டுக்குள்ள வர்றேன். ஆன்ட்டி அவங்கக்கா வீட்ல கோழி. உனக்காகத் தான்டா இந்த வேஷமெல்லாம். போதுமா?

சோனியா: போட்டு உடைச்சிட்டீங்களா...

நூனோ: எனக்காக?

சோனியா: நீ இவ்ளோ பக்தியா இருக்கறப்ப... எங்களுக்கு வெக்கமா இருந்துச்சுப்பா. அதான்.

நூனோ: ஆன்ட்டி... எங்க வீட்ல யாரும் சர்ச்சுக்கு போக மாட்டாங்க. அம்மா கூட போக மாட்டாங்க. என்னை இங்க அனுப்பின ஏஜென்ட் தான் சொன்னாரு... இது சாமி வீடு, சாப்பிடறப்ப சிலுவை போடு, இல்லன்னா ரூம் தர மாட்டாங்க. ஊர்ல கிளப் போச்சு, இங்க வீடும் போயிடும்னு பயம். சர்ச்ல எப்ப எழுந்திரிக்கணும்னு எனக்கு தெரியாது ஆன்ட்டி. அது அடிபட்ட முட்டி, ரொம்ப வலிக்கும்... நீங்க எழுந்திரிச்சா நானும் எழுந்திரிக்கலாம்னு உங்களைத் தான் பாத்துட்டே இருந்தேன்.