தலையணையில் வைத்த மைக்

இரவு பதினொன்றே முக்கால். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும் சாலை. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், மறுபக்கம் நீளமான சுவர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர். அதில் என் தோழி.

"எந்தத் தோழி?" என்றாள் குண்டூசி. எதையும் குத்திக் கேட்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. விடுதி அறையில் நாங்கள் நாலு பேரும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள்.

"காது டெஸ்ட் பண்ணுவாளே, அவ."

"அவளுக்கா நடந்துச்சு?"

"அவ அண்ணிக்கு. குறுக்கப் பேசாம கேளு."

தோழியின் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடி அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். விபத்து நஷ்டஈட்டுக்காகவோ விடுப்புக்காகவோ கேட்கவில்லை என்று நடிப்பவர்களும் வருவார்கள். அவர்களைச் சுலபமாகப் பிடித்துவிடுவாள். விரல் எழாது. ஆனால் அதுவரை ஆடிக்கொண்டிருந்த கால், ஒலி வந்த நொடியில் சட்டென்று நின்றுவிடும். பிறகு மறுபடி ஆடும். அந்த நிற்றல் போதும் அவளுக்கு.

அன்று ராத்திரி அண்ணியிடமிருந்து அழைப்பு.

"தூங்கிட்டியாம்மா?"

"இல்ல அண்ணி. என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நீ காது பாக்கிறவதானே. வந்து ஒரு தடவை கேளு. எனக்கு மட்டும்தான் கேக்குதான்னு தெரியணும்."

"என்ன கேக்குது?"

 மூச்சு மட்டும். பிறகு அதுவும் நின்றது. தோழி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணி ஒரு ஹோட்டலின் இசைக்குழுவில் மின்கிட்டார் வாசிப்பவள். தோழியின் அண்ணன் இறந்து மூன்று வருடம். அந்த இரவு அண்ணன் படுக்கையறையில் படுத்திருந்தான். அண்ணி பக்கத்து அறையில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது, அக்கம்பக்கத்தார் தூங்குவார்கள் என்று, கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கப் போனபோது அவன் கை ஜில்லென்று இருந்தது. மாரடைப்பு.

துக்க வீட்டிலேயே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. "பக்கத்து ரூம்லதான் இருந்திருக்கா. ஒரு முனகல்கூடவா காதுல விழல?" தோழிதான் எழுந்து நின்றாள். "ஹெட்ஃபோன் மாட்டினா இடி விழுந்தாலும் கேக்காது. எனக்குத் தெரியும், என் பொழப்பே அதுதான். இனி யாராவது இதைப் பத்திப் பேசினீங்க, நல்லா இருக்காது." அதோடு எல்லா வாயும் மூடியது. செத்தவனின் தங்கையே சொன்ன பிறகு யார் என்ன பேச?

அதற்குப் பிறகு அண்ணி ஹெட்ஃபோனைத் தொடவே இல்லை. ஒத்திகையோ நிகழ்ச்சியோ, பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்ட அந்த ஆம்ப்தான். கூடவே, காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள் ஒரு பெட்டி நிறைய. குழுவில் அந்த ஆம்புக்கு 'மாமியார்' என்று பெயர். சூடாக நேரமெடுக்கும், சூடான பிறகு யாராலும் அடக்க முடியாது. முதுகு வலியோடு மாமியாரை மூன்று மாடி ஏற்றி இறக்குவாள்.

போன மாதம் ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். இனி மேடையில் ஆம்ப் கூடாது. அதன் வேலையைச் செய்யும் டிஜிட்டல் பெட்டி, எல்லாருக்கும் காதில் ஹெட்ஃபோன். முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அண்ணிக்கு அந்த வேலையை விட்டால் வேறு இல்லை. வாங்கிவிட்டாள். புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

அந்தப் பெட்டியில் ஒரு வித்தை உண்டு. நம் பழைய ஆம்பை அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். பெட்டி சில ஒலிகளை ஆம்புக்குள் அனுப்பும்... ஊஊ என்று ஒரு சீட்டி, டக் டக் என்று சில தட்டல்கள், பிறகு உஸ்ஸ். அவை ஆம்பிலிருந்து எப்படி வெளிவருகின்றன என்று மைக் வழியாகக் கேட்டு, அந்தக் குணத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். நாலு நிமிடம். மின்விசிறிகூட ஓடக் கூடாது. மைக்கை ஆம்பின் முகத்தோடு ஒட்டி வைக்க வேண்டும்.

அண்ணி அப்படி வைக்கவில்லை. ஆம்ப் பயிற்சி அறையிலேயே இருந்தது. மைக்கின் வயரை இழுத்துக்கொண்டு போய், பக்கத்து அறையில், அண்ணனின் தலையணையில் மைக்கைப் படுக்க வைத்தாள். அங்கே படுத்தபடிதான் அவன் அவள் வாசிப்பதைக் கேட்பான். அவன் கேட்ட மாதிரியே அந்த ஒலி தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

பெட்டிக்கு எது ஆம்ப், எது அறை என்று தெரியாது. மைக்கில் வந்தது எல்லாமே அதற்கு ஆம்பின் குணம்தான்.

தோழி போனபோது வாசல் கதவு திறந்திருந்தது. விளக்கு இல்லை. பெட்டியின் சின்னத் திரை மட்டும் நீலமாக. ஆம்பின் மின்வயர் சுருட்டி அதன் கைப்பிடியில் கட்டியிருந்தது. ஆனால் அறையில் அந்த வாசனை... வால்வு சூடாகும்போது மேலே படிந்த தூசி கருகுமே, அது.

"லைட் போடலயா அண்ணி?"

"லைட் போட்டா இரைச்சல் வருது. உக்காரு. மாட்டிக்கோ."

கிட்டார் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் அதன் வயர் செருகப்படவில்லை. செருகாத பெட்டியில் என்ன கேட்கும்? தோழி ஹெட்ஃபோனை மாட்டினாள். இரண்டு காதையும் இறுக்கி மூடும் வகை. துளி ஒலி வெளியே கசியாது.

முதலில் உஸ்ஸ்... வெறும் இரைச்சல்.

பிறகு மூச்சு.

ரொம்பக் கிட்டத்தில். தலையணைத் துணியில் உரசி உரசி வரும் மூச்சு. உள்ளே இழுக்கும்போது சின்னதாக ஒரு கொக்கி. தோழிக்கு அந்த மூச்சு தெரியும். சின்ன வயதில் அண்ணனோடு ஒரே பாயில் படுத்துக் கேட்ட மூச்சு.

அதற்குப் பின்னால், தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம்... டிக். டிக். டிக். டிக்.

என்ன என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. ஆம்பில் சேர்க்காத மின்கிட்டாரின் கம்பிகள். ஹெட்ஃபோன் மாட்டியவளுக்கு இசை, பக்கத்து அறைக்கு வெறும் டிக் டிக். அண்ணி தினமும் வாசிக்கும் பயிற்சி. ஏறி இறங்கும். ஐந்தாவது இடத்தில் அவள் விரல் எப்போதும் தடுக்கும். இதிலும் தடுக்கியது.

"இதுக்கு மேல சொல்லாதே," என்றாள் குண்டூசி. யாரோ போர்வையை இழுத்தார்கள்.

மூச்சு திணறியது. பிறகு குரல்.

"ஏய்... இங்க வாயேன்."

கம்பிகள் நின்றன.

பயிற்சி முடியவில்லை. பாதியில், ஏறும்போது நின்றன, கண்ணாடி அறையில் சட்டென்று நிற்கும் கால் போல. மூச்சு மட்டும் கேட்டது. தோழி தன்னையறியாமல் எண்ணினாள், வேலைப் பழக்கம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

டிக். டிக். டிக்.

மறுபடி முதலிலிருந்து. ஐந்தாவது இடத்தில் அதே தடுக்கல்.

பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது என்றாள் தோழி. துக்க வீட்டில் எழுந்து நின்று தான் அடைத்த வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு தன்னைப் பார்த்தது போல இருந்ததாம். அண்ணியை நம்பினோமா, இல்லை, நம்பியே ஆக வேண்டும் என்று அவசரப்பட்டோமா? அந்த அவசரம் ஏன்? அன்று இருட்டில் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் தலையை நிமிர்த்திவிட்டாள்.

எதிர் நாற்காலியில் அண்ணி. காதில் எதுவும் இல்லை. கண் மூடியிருந்தது. இடது கை முழங்காலில் இருந்தது... அந்த விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. ஹெட்ஃபோனில் டிக் என்னும்போது ஒரு விரல் அழுந்தியது. அடுத்த டிக்குக்கு அடுத்த விரல். ஐந்தாவதில் தடுக்கி, மறுபடி சரியாகி... ஒரு இம்மிகூடப் பிசகவில்லை.

தோழி ஹெட்ஃபோனைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?" என்றாள் அண்ணி. கண்ணைத் திறக்கவில்லை.

"ஒ... ஒரு தடவை."

அண்ணி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"கழட்டாதேம்மா. இன்னும் ரெண்டு இருக்கு."